சார்ல்ஸ் அப்ஹாம்: பிரசங்க மேடையிலிருந்து சட்டசபைக்கு, அங்கிருந்து ஊர் வரலாற்றுக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்ஹாம் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சார்ல்ஸ் வென்ட்வொர்த் அப்ஹாம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் வாழ்ந்தவர். இருபது ஆண்டுகள் கிறிஸ்தவ சபைப் போதகராக இருந்தார். பிறகு அரசியலில் இறங்கி நகர மேயர், மாநில செனட் தலைவர், வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர் என்று பல பதவிகள் வகித்தார். ஆனால் இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது இவற்றால் அல்ல. 1692-ல் அந்த ஊரில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றி 1867-ல் இரண்டு தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூல்தான் காரணம். சூனிய வழக்கை மதச் சண்டையாக மட்டும் பார்க்காமல், நிலப் பத்திரம், உயில், எல்லைத் தகராறு, பக்கத்து வீட்டுப் பகை என்று ஊர் வாழ்க்கைக்குள் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவருடைய ஆகப் பெரிய பங்களிப்பு அதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சேலம் என்றால் நம் சேலமா?

இல்லை. பாஸ்டனுக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள கடற்கரை நகரம் இது. ஆனாலும் தமிழர்களோடு அதற்கு ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் மிஷனரிகள் 1812 பிப்ரவரியில் இந்தச் சேலத்தின் டேபர்நேக்கிள் சபையில்தான் குருப்பட்டம் பெற்றார்கள். அவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு அமைப்பின் ஆட்கள்தான் 1816-ல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-ல் மதுரைக்கும் வந்து பள்ளிகள் தொடங்கினார்கள். அப்ஹாம் ஊழியம் செய்தது அந்தச் சபையில் இல்லை, அதே ஊரின் வேறொரு சபையில்.

1692-ல் அங்கே என்ன நடந்தது?

சேலம் கிராமம் என்ற பகுதியில் (இன்று அது டான்வர்ஸ் என்ற தனி ஊர்) சாமுவேல் பாரிஸ் என்ற போதகரின் வீட்டில் அவருடைய ஒன்பது வயது மகளும் உறவுக்காரச் சிறுமி ஒருத்தியும் வலிப்பு வந்ததுபோல் துடித்தார்கள், கத்தினார்கள். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. மற்ற சிறுமிகளும் சேர்ந்துகொண்டு ஒவ்வொருவர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் வழக்காட மறுத்ததால் மேலே கற்களை அடுக்கி நசுக்கிக் கொல்லப்பட்டார். சிறையிலும் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள்.

அப்ஹாமின் பின்னணி என்ன?

1802 மே 4 அன்று, இன்றைய கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் செயிண்ட் ஜான் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜோஷுவா அப்ஹாம் மாசசூசெட்ஸ்காரர்தான். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னரின் பக்கம் நின்றதால் ஊரை விட்டுப் போய், அங்கே நீதிபதியானவர். சார்ல்ஸுக்கு ஆறு வயதிருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். 1816-ல் பையன் பாஸ்டனில் வணிகம் செய்துவந்த உறவினரிடம் வந்து சேர்ந்தான். 1821-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார். பின்னாளில் புகழ்பெற்ற சிந்தனையாளரான ரால்ஃப் வால்டோ எமர்சன் அதே வகுப்பு. மூன்று ஆண்டுகள் இறையியல் படித்து, 1824 டிசம்பரில் சேலம் முதல் சபையில் மூத்த போதகர் ஜான் பிரின்ஸுக்குத் துணையாகப் பொறுப்பேற்றார். 1826-ல் ஆன் சூசன் ஹோம்ஸைத் திருமணம் செய்தார். மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இவருக்கு மைத்துனர்.

போதகர் எதற்கு அரசியலுக்கு வந்தார்?

நேரடியான காரணம் தொண்டை. குரல் கெட்டுப்போய்ப் பிரசங்கம் செய்ய முடியாமல் 1844-ல் சபைப் பொறுப்பிலிருந்து விலகினார். கொஞ்ச காலம் ஒரு கிறிஸ்தவ வார இதழுக்கு ஆசிரியராக இருந்தார், மாநிலக் கல்வி வாரியத்துக்காக ஊர் ஊராகப் போனார்.

ஆனால் காலமும் அதற்குத் தோதாக இருந்தது. மாசசூசெட்ஸில் 1833 வரை திருச்சபைக்கு அரசின் வரி ஆதரவு இருந்தது. போதகர் என்றால் படித்தவர், ஊர்ப் பெரியவர், மேடையில் பேசத் தெரிந்தவர். குறிப்பாக யூனிடேரியன் (திரித்துவத்தை ஏற்காத, தாராளப் போக்குள்ள கிறிஸ்தவப் பிரிவு) போதகர்கள் அரசியலுக்குப் போவது அங்கே சகஜம். எட்வர்ட் எவரெட் பிரசங்க மேடையிலிருந்து போய் மாநில ஆளுநரே ஆனார். ஜான் கார்ஹம் பால்ஃப்ரி போதகராக இருந்து காங்கிரஸுக்குப் போய், நியூ இங்கிலாந்து வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார்.

அரசியலில் என்ன சாதித்தார்?

உண்மையைச் சொன்னால், பதவிகள் பலவாக இருந்தாலும் எதுவும் நீண்டநாள் இல்லை. விக் கட்சிக்காரராக (அன்று ஜனநாயகக் கட்சிக்கு எதிராக இருந்த பெரிய கட்சி) 1849-ல் மாநில சட்டசபைக்கும் 1850-ல் மாநில செனட்டுக்கும் போனார். 1852-ல் சேலம் மேயர். 1853 மார்ச் முதல் 1855 மார்ச் வரை காங்கிரஸ் உறுப்பினர். அங்கே ஸ்மித்சோனியன் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் நிர்வாகத்தை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். அடிமைமுறை மேற்கே பரவ வழிதிறந்த 1854-ன் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் மாசசூசெட்ஸ் தொகுதிகள் எல்லாவற்றையும், குடியேறிகளுக்கு எதிரான அமெரிக்கன் கட்சி அள்ளிக்கொண்டு போனது. அப்ஹாமும் தோற்றார். 1856-ல் குடியரசுக் கட்சியின் முதல் ஜனாதிபதி வேட்பாளர் ஜான் ஃபிரிமான்டுக்காக ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக்கொடுத்தார். 1857, 1858-ல் மாநில செனட்டின் தலைவராக இருந்தார். 1860-க்குப் பிறகு முழுநேரமும் எழுத்துதான்.

நாவலாசிரியர் நத்தானியேல் ஹாதார்னுக்கும் இவருக்கும் என்ன பகை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹாதார்னும் சேலத்துக்காரர். 1692-ல் விசாரணை நடத்திய நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாதார்னின் வழித்தோன்றல். அந்தப் பழி தன் குடும்பத்தின் மேல் இருப்பதாக வாழ்நாளெல்லாம் உணர்ந்தவர். 1831-ல் அப்ஹாம் சூனிய வழக்குகளைப் பற்றிய தன் சொற்பொழிவுகளைச் சிறு நூலாக வெளியிட்டபோது, ஹாதார்ன் அதை மதித்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த தன் சிறுகதை ஒன்றில், பெயர் சொல்லாமல், தூக்குமேட்டுக் குன்றைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியரைப் பாராட்டவும் செய்தார்.

1846-ல் ஜனநாயகக் கட்சி ஆட்சியில் ஹாதார்னுக்குச் சேலம் சுங்க அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 1849-ல் விக் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஆட்சி மாறினால் அரசாங்க வேலையாட்களும் மாறுவது அன்றைய வழக்கம். தான் ஓர் எழுத்தாளன், கட்சி ஆள் இல்லை என்று ஹாதார்ன் வாதாடினார். ஜூன் மாதம் நீக்க உத்தரவு வந்தது. பத்திரிகைகளில் பெரிய சத்தம் எழுந்தது. அப்போது உள்ளூர் விக் கட்சியினர் நீக்கத்தை நியாயப்படுத்திக் கருவூல அமைச்சருக்கு ஒரு நீண்ட மனு அனுப்பினார்கள். ஹாதார்ன் கட்சி வேலை பார்த்தார், அலுவலகத்தில் முறைகேட்டுக்குத் துணைபோனார் என்பது அதன் சாரம். அதில் முன்னின்றவர் அப்ஹாம். அந்த ஜூலையிலேயே ஹாதார்னின் தாயாரும் இறந்தார்.

வேலை போனபின் எழுத உட்கார்ந்ததில் பிறந்ததுதான் 1850-ல் வந்த ‘ஸ்கார்லெட் லெட்டர்’. அதன் முன்னுரையே சுங்க அலுவலகத்தைப் பற்றியது. அடுத்த ஆண்டு ‘ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்’. அதில் வரும் நீதிபதி ஜாஃப்ரி பிஞ்சன், ஊரெல்லாம் வெயில்போல் சிரித்துக்கொண்டு உள்ளுக்குள் பேராசையை வளர்த்தவர், ஆளுநர் பதவிக்குக் கனவு கண்டுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்துப்போகிறார். அந்தப் பாத்திரத்துக்கு மூலம் அப்ஹாம்தான் என்று அன்றைய சேலத்தில் பேசிக்கொண்டார்கள். ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் இன்று அப்படித்தான் கருதுகிறார்கள்.

என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது இதற்கடுத்த விஷயம். அந்த நாவலின் அடிப்படையே, ஒரு பெரிய மனிதர் பக்கத்து நிலத்துக்கு ஆசைப்பட்டார், நிலத்துக்காரன் சூனியக்காரன் என்று தூக்கில் தொங்கினான், நிலம் கைமாறியது என்பதுதான். 1851-ல் கற்பனையாக எழுதப்பட்ட இந்தத் தொடர்பை, அதாவது நிலத்துக்கும் சூனியக் குற்றச்சாட்டுக்கும் உள்ள தொடர்பை, பதினாறு ஆண்டுகள் கழித்துப் பத்திரங்களை வைத்து வரைபடம் போட்டுக் காட்டியவர் அதே நாவலில் வில்லனாக்கப்பட்ட அப்ஹாம்.

ஹாதார்ன் விஷயத்தில் அவர் செய்தது சரியா?

வேலையை விட்டு எடுத்தது அந்தக் காலக் கட்சி வழக்கம், அதை மன்னிக்கலாம். முறைகேடு என்று எழுதியனுப்பி ஒருவரின் பேரைக் கெடுத்ததை மன்னிப்பது கடினம். ஊர்ப் பேச்சை ஆதாரமாக்கி ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் என்ன ஆகும் என்று 1831-லேயே புத்தகம் போட்டவர் அவர். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1867 நூலில் அப்படி என்ன புதுமை?

வரைபடம். நூலின் முதல் தொகுதியில் 1692-ன் சேலம் கிராமத்தைக் காட்டும் ஒரு மடிப்பு வரைபடம் இருக்கும். யார் வீடு எங்கே இருந்தது, எந்த ஓடை எந்தப் பாதையைக் குறுக்கே வெட்டியது என்று எண் போட்டுக் குறித்திருப்பார்கள். வரைந்தவர் அவருடைய மகன் வில்லியம் அப்ஹாம், சட்டம் படித்தவர். ஆரம்பகால நில மானியங்கள், கிரயப் பத்திரங்கள், உயில்கள் எல்லாவற்றையும் பதிவகத்தில் எடுத்து, ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி அந்தப் படத்தை உருவாக்கினார். பத்திரத்தில் ‘பெரிய ஓக் மரத்திலிருந்து பாறை வரை’ என்கிற மாதிரிதான் எல்லை சொல்லியிருப்பார்கள். பட்டா, புல எண் எல்லாம் அன்று கிடையாது. அதை வைத்து ஒரு கிராமத்தையே மீட்டெடுப்பது லேசான வேலை இல்லை.

முதல் தொகுதியின் பெரும்பகுதியில் சூனியமே வராது. யார் யாரிடம் நிலம் வாங்கினார்கள், யாருக்கு யாரோடு வழக்கு என்றுதான் போகும். முதல்முறை படிப்பவர்கள் பலர் இங்கேயே சலித்துப்போவார்கள். ஆனால் நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

ரெபேக்கா நர்ஸ். 71 வயது, காது சரியாகக் கேட்காது, சபையில் எல்லோரும் மதித்த பாட்டி. அவர் கணவர் பிரான்சிஸ் நர்ஸ் 1678-ல் ஜேம்ஸ் ஆலன் என்ற பாஸ்டன் போதகரிடமிருந்து 300 ஏக்கர் பண்ணையை 400 பவுண்டுக்கு வாங்கினார். கையில் பணம் இல்லை. 21 ஆண்டுகளில் கட்டி முடிப்பதாக ஒப்பந்தம். சாதாரணக் கைத்தொழில்காரர் ஒருவர் ஊரின் நல்ல பண்ணைகளில் ஒன்றுக்கு உரிமையாளராகப் போகிறார் என்றால் நாலு பேர் கண் படாதா? அந்த நிலத்துக்கு ஏற்கனவே எண்டிகாட் குடும்பத்தோடு எல்லை வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அப்ஹாம் இதையெல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, பிறகுதான் 1692-க்கு வருகிறார். அப்போது ரெபேக்காவின் பெயர் ஏன் சொல்லப்பட்டது என்பது நமக்கே புரியத் தொடங்குகிறது.

விசாரணையை அவர் சொல்லும் விதம் மனதை அறுக்கும். அக்கம்பக்கத்தார் 39 பேர் அந்த அம்மாள் நல்லவர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றுதான் தீர்ப்புச் சொன்னார்கள். உடனே சிறுமிகள் அலறினார்கள். தலைமை நீதிபதி ஸ்டவ்டன், இன்னொரு கைதியைப் பற்றி ரெபேக்கா ‘அவள் எங்களில் ஒருத்தி’ என்று சொன்னதைக் கவனித்தீர்களா என்று ஜூரிகளைக் கேட்டார். அவர்கள் மறுபடி யோசிக்கப் போனார்கள். ஜூரித் தலைவர் திரும்பி வந்து, அதற்கு என்ன அர்த்தம் என்று ரெபேக்காவிடமே கேட்டார். அவருக்குக் காதில் விழவில்லை, பேசாமல் நின்றார். அந்த மௌனத்தைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். எங்களோடு சிறையில் இருக்கும் ஒருத்தி என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன், கேள்வி கேட்டதே எனக்குக் கேட்கவில்லை என்று அவர் பின்னால் விளக்கியது எந்தப் பயனும் தரவில்லை. 1692 ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

அப்ஹாமின் சபைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. ரெபேக்கா நர்ஸ் சேலம் முதல் சபையின் உறுப்பினர். தூக்குக்கு இரண்டு வாரம் முன்பு, ஜூலை 3 அன்று, சபையார் ஒருமனதாக வாக்களித்து அவரைச் சபைநீக்கம் செய்தார்கள். ஜைல்ஸ் கோரியையும் பின்னர் அப்படியே. 1712-ல்தான் அந்தத் தீர்மானங்களை ரத்து செய்தார்கள். இதே சபையில்தான் அப்ஹாம் இருபது ஆண்டுகள் பிரசங்கம் செய்தார். தன் சபையின் பழைய ஏட்டில் இருந்த அந்த வரிகளை அவர் மறைக்கவில்லை, எடுத்து உலகத்துக்குக் காட்டினார். அப்ஹாமை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இது.

அவர் எழுதியதை எல்லாம் நம்பலாமா?

கூடாது. மூன்று இடங்களில் மிகவும் கவனம் தேவை.

பாரிஸ் வீட்டில் அடிமையாக இருந்த டிட்டுபா, குளிர்கால இரவுகளில் சிறுமிகளைக் கூட்டிவைத்து மந்திர தந்திரம் கற்றுக்கொடுத்தாள் என்ற கதையை ஊரெங்கும் பரப்பியதில் அப்ஹாமுக்குப் பெரிய பங்கு உண்டு. 1692-ன் ஆவணங்களில் அப்படிப்பட்ட கூட்டம் எதுவும் இல்லை. பேச நாதியில்லாத ஓர் அடிமைப் பெண்ணின் தலையில் இவ்வளவு பெரிய பழி விழுந்து, பாடநூல்கள், மேடை நாடகங்கள் வரை போய்விட்டது. அவர் நூலிலேயே எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான்.

அடுத்தது தூக்கிலிட்ட இடம். குன்றின் உச்சி என்றார் அப்ஹாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிட்னி பெர்லி என்ற இன்னோர் உள்ளூர் வரலாற்றாசிரியர், கீழே உள்ள பிராக்டர்ஸ் லெட்ஜ் என்ற பாறைத் திட்டுதான் என்று வாதிட்டார். 2016-ல் ஆய்வுக் குழு பெர்லி சொன்னதையே உறுதிசெய்தது. 2017 ஜூலை 19 அன்று அங்கே நினைவிடம் திறந்தார்கள்.

மூன்றாவது, காட்டன் மேதர். பாஸ்டனின் புகழ்பெற்ற அந்தப் போதகர்தான் எல்லாவற்றையும் தூண்டிவிட்டவர் என்பது அப்ஹாமின் வாதம். 1869-ல் வில்லியம் பூல் என்ற நூலகர் ஒரு நீண்ட கட்டுரையில் இதை மறுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பேய்உருவில் வந்து துன்புறுத்தினார்கள் என்ற சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிக்கக் கூடாது என்று மேதர் எச்சரித்ததை எடுத்துக்காட்டினார். அப்ஹாம் அதே ஆண்டு பதிலுக்கு ஒரு புத்தகமே எழுதிவிட்டார். இன்றைய ஆய்வாளர்கள் இருவருக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள். என் கருத்தில், அரசியல் மேடையில் பழகிய அப்ஹாமுக்கு ஒரு குற்றவாளியின் பெயர் தேவைப்பட்டது. பத்திரங்களைப் பேசவிடும்போது அவர் அருமையான வரலாற்றாசிரியர். ஆளைத் தேடும்போது வழக்கறிஞராகிவிடுகிறார்.

பதிப்புரிமைச் சட்டத்தில் இவர் பெயர் வருகிறதாமே?

ஆமாம். பள்ளி நூலகங்களுக்காக ஜார்ஜ் வாஷிங்டனின் வாழ்க்கையை, அவருடைய கடிதங்களைக் கொண்டே சொல்வதுபோல, 866 பக்கங்களில் தொகுத்தார் அப்ஹாம். அதில் 353 பக்கங்கள் வாஷிங்டனின் எழுத்துகளை ஜாரட் ஸ்பார்க்ஸ் பதிப்பித்த பன்னிரண்டு தொகுதி நூலிலிருந்து அப்படியே எடுத்தவை. ஸ்பார்க்ஸின் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1841-ல் நீதிபதி ஜோசப் ஸ்டோரி, இது உரிமை மீறல்தான் என்று தீர்ப்பளித்தார். எடுத்த பகுதியின் தன்மை என்ன, எவ்வளவு எடுக்கப்பட்டது, மூல நூலின் விற்பனை பாதிக்குமா என்று அவர் கேட்ட கேள்விகள்தான் அமெரிக்கச் சட்டத்தின் ‘நியாயமான பயன்பாடு’ என்ற கோட்பாட்டுக்கு வித்து. 1976-ல் அது சட்டப் பிரிவாகவே எழுதப்பட்டது. இன்று இணையத்தில் ஒரு படத்துண்டைப் பயன்படுத்தலாமா என்று அங்கே நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் தொடக்கம் அப்ஹாமின் அந்தப் புத்தகம்தான்.

பிற்கால ஆய்வாளர்கள் அவரைப் பயன்படுத்தினார்களா?

நிறைய. 1974-ல் பால் போயர், ஸ்டீபன் நிசன்பாம் இருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, குற்றம் சாட்டியவர்கள் கிராமத்தின் மேற்கிலும் எதிர்த்தவர்கள் கிழக்கிலும் இருந்தார்கள் என்று காட்டியது. அதற்கு அடித்தளம் அப்ஹாம் குடும்பத்தின் வரைபடம். 2008-ல் பெஞ்சமின் ரே, ஆவணங்களை மறுபடி சரிபார்த்து, அவ்வளவு தெளிவான கிழக்கு-மேற்குப் பிளவு இல்லை என்று மறுத்தார். அந்த மறுப்பும், எந்த வீடு எங்கே இருந்தது என்ற கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. அந்தக் கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர்கள் அப்பாவும் மகனும்.

எங்கே கிடைக்கும்? எங்கிருந்து படிக்கலாம்?

உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூல் மூன்று பாகங்கள்: சேலம் கிராமம், சூனிய நம்பிக்கையின் பொது வரலாறு, கிராமத்தில் நடந்த வழக்குகள். நான் சொல்வது, மூன்றாம் பாகத்தை முதலில் படியுங்கள், ஆட்களின் பெயர்கள் மனதில் பதியட்டும். அப்புறம் முதல் பாகத்துக்குத் திரும்பி, பக்கத்தில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதே பெயர்கள் பத்திரங்களில் எப்படி வருகின்றன என்று பாருங்கள். நடுவில் உள்ள இரண்டாம் பாகத்தை விட்டுவிடலாம், அது ஐரோப்பியச் சூனியக் கதைகளின் தொகுப்பு. டிட்டுபா வரும் பக்கங்களை மட்டும், மேலே சொன்ன எச்சரிக்கையோடு படியுங்கள்.